நிறுத்து மகானும் பிளாஸ்டிக் மூடியும்

காலை ஏழரைக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. மூடிப்போன மரச்சாமான் கடையின் மாடிப்படியில் தொடங்கி, மருந்துக் கடை, சலவைக் கடை, சைக்கிள் கடை எல்லாவற்றின் வாசலையும் அடைத்துக்கொண்டு போய், பேருந்து நிறுத்தத்தில் முடிந்தது. பேருந்துக்கு நின்ற ஒருவர் வரிசையோடு நகர்ந்து நகர்ந்து மாடிக்கே வந்துவிட்டார். வந்தது வந்தோம், பார்த்துவிட்டே போவோம் என்று முதல் வரிசையில் உட்கார்ந்தும்விட்டார். பக்தி சில பேருக்கு இப்படியும் வருகிறது.

மாடியில் இருந்தவர் நிறுத்து மகான். ஓடுகிற ரயிலை நிறுத்துகிறவரா? இல்லை. பெய்கிற மழையை? அதுவும் இல்லை, அதெல்லாம் பழைய சரக்கு. இவர் நிறுத்துவது செல்லை. சட்டைப்பையில் அலறுகிற செல் அல்ல, உடம்புக்குள் இருக்கிற செல். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைப் பார்த்து, காலையில் விரலை உயர்த்தி "நில்" என்பார். நின்றுவிடும். சாயங்காலம் "எழு" என்பார். மறுபடி பெருகும். நம்பாதவர்களுக்காகப் பெரிய திரை, திரைக்கு ஒரு கேமரா, கேமராவுக்குக் கீழே ஒரு நுண்ணோக்கி. இந்தக் காலத்து மகானுக்குத் தாடி மட்டும் போதாது.

"தட்டில் நிற்பது உடலிலும் நிற்கும்! கட்டி கரையும்! கத்தி வேண்டாம், கதிர் வேண்டாம்!" என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். கட்டணம் கிடையாது. கைகூப்பி நிற்கும் ஒரு காணிக்கைப் பெட்டி மட்டும் இருந்தது. அதன் வாய் மகானின் வாயைவிடப் பெரிது.

மூன்றாவது வரிசையில் தட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அது வீட்டில் வைத்த பெயர். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டுகளில் செல் வளர்ப்பதுதான் அவளுக்குப் பதினைந்து வருஷமாகப் பிழைப்பு. வேளாவேளைக்கு இளஞ்சிவப்பு நிறச் சத்துநீர் மாற்றி, சூடு குறையாமல் பார்த்து, எண்ணி, பிரித்து, வேறு தட்டுக்கு மாற்றுவாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி யாரும் வளர்ப்பதில்லை என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அந்த அக்காவுக்காகத்தான் இன்று வந்திருந்தாள். அக்கா சீருடை தைக்கிற தையற்காரி. மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, முப்பது தடவை கதிர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினொன்று முடிந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அக்கா போகவில்லை, நான்கு தடவை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை நர்ஸ் போன் செய்தார். "இடைவெளி கூடக்கூட இதுவரைக்கும் வெச்சதோட பலன் குறையும்மா. திங்கக்கிழமை கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்றார். தட்டுக்காரி அக்காவிடம் கெஞ்சினாள், கத்தினாள், ஒரு நேரம் சாப்பிடாமல்கூடக் கிடந்தாள்.

"அங்க என்னை 'அடுத்தது'ன்னு கூப்பிடறாங்கடீ. தோல் எரியுதுன்னா, அப்படித்தான் எரியும்கறாங்க. நம்ம மகான் என் பேரைக் கேட்டாரு. கையைப் பிடிச்சுக்கிட்டாரு" என்றாள் அக்கா.

 அது தட்டுக்காரிக்கு வலித்தது. ஆனாலும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்பதற்காகக் கட்டி கரைந்துவிடுமா? சனிக்கிழமை காலை, "சரி, உன் மகானை நானும் பார்க்கறேன்" என்று அக்காவோடு கிளம்பி வந்துவிட்டாள்.

மணி ஒன்பது. வெள்ளை அங்கி சரசரக்க மகான் வந்தார். மைக்காரர் செல்கள் வளரும் தட்டு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார். மகானுக்கு மைக் பிடிப்பதும் அவரே, வண்டி ஓட்டுவதும் அவரே. ஒருகாலத்தில் நகரப் பேருந்து ஓட்டியவர்.

திரையில் செல்கள் தெரிந்தன. பெரும்பாலானவை தட்டையாகப் படுத்திருந்தன. நடுவே சில மட்டும் பளபளவென்று உருண்டையாக எழுந்து நின்றன. பிரியப்போகிற செல் முதலில் அப்படித்தான் உருளும், உருண்டு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாகும்.

"உருண்டைகளை எண்ணுங்கள்!" என்றார் மகான்.

எண்ணுவதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர், கழுத்தில் இன்னும் விசிலைக் கழற்றாதவர். முப்பது வருஷம் நெரிசலில் தலை எண்ணிய கண். மகானின் பரம பக்தர். எழுந்து நின்று திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"பதிமூணு!"

மகான் கையுறை மாட்டினார், கறுப்புக் கண்ணாடி போட்டார். தட்டின் மூடியைத் திறந்து, சத்துநீரை வடித்தார். மேசைமேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மௌனப் பெட்டி என்று பெயர். அதற்குள் தட்டைத் தள்ளிக் கதவைச் சாத்தி, விரலை உயர்த்தினார். "நில்! நில்! நில்!" பத்து விநாடி. கதவு இடுக்கில் மெலிதாக ஊதா ஒளி கசிந்தது. பிறகு தட்டை எடுத்து, புதுச் சத்துநீர் ஊற்றி, மூடி, நுண்ணோக்கிக்கு அனுப்பினார்.

தட்டுக்காரி நாற்காலியில் நிமிர்ந்தாள். ஆசி வழங்குகிறவருக்குக் கையுறை எதற்கு? கறுப்புக் கண்ணாடி எதற்கு?

கால்மணிக்கு ஒருமுறை நடத்துனர் எண்ணினார். பதினொன்று. ஏழு. "ஏற்கெனவே உருண்டவை ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டன, அவை போகட்டும். புதிதாக ஒன்றும் கிளம்பாது" என்றார் மகான். மூன்று. ஒன்று. பதினொரு மணிக்குச் சைபர். நடத்துனர் உணர்ச்சிவசப்பட்டு ஒரு விசில் அடித்தார். பேருந்தில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. கூட்டம் எழுந்து கைதட்டியது. அக்கா அழுதாள்.

தட்டுக்காரிக்கு மட்டும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இந்த அற்புதத்தை மூன்று வருஷத்துக்கு முன் அவளே செய்திருக்கிறாள். கைதட்டல் கிடைக்கவில்லை, திட்டுத்தான் கிடைத்தது.

அவள் வேலை செய்யும் கண்ணாடி மேடையில் அடுத்தடுத்து இரண்டு சுவிட்சுகள். ஒன்று வெளிச்சத்துக்கு. மற்றது, வேலை முடிந்தபின் மேடையில் ஒட்டியிருக்கும் கிருமியைக் கொல்கிற ஊதா விளக்குக்கு. ஒருநாள் சத்துநீர் மாற்றும்போது, தட்டுகளைத் திறந்துவைத்துவிட்டுத் தவறான சுவிட்சைத் தட்டிவிட்டாள். சுதாரித்து அணைப்பதற்குள் சில விநாடிகள். மேலதிகாரி அம்மா தட்டுகளைத் தூக்கி எறியச் சொன்னார். மனசு கேட்காமல் ஒன்றை மட்டும் ஒளித்துவைத்துப் பார்த்தாள். உருண்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, பகல் முழுக்க ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் திமுதிமுவென்று எழுந்துவிட்டன. போய்ச் சொன்னபோது, அந்த அம்மாவின் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

"அந்த ஒளி டி.என்.ஏ.வைச் சிதைச்சிடுது. செல்லுக்குள்ளேயே காவல் இருக்கு. சிதைஞ்சது தெரிஞ்சதும், பிரியாதே, நில்லுன்னு பிரேக் போட்டுடும். பழுது பார்க்கும். சரியாயிட்டா பிரேக்கை எடுத்துடும். சரி பண்ணவே முடியலைன்னா செல் தன்னைத்தானே முடிச்சுக்கும். இதுக்கு யாரும் உத்தரவு போட வேண்டாம்" என்றார்.

ஆக, மகானின் மௌனப் பெட்டிக்குள் இருப்பது கிருமி விளக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு மகான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "எழு" என்றார். திரையில் பத்தொன்பது உருண்டை. காலையில் இருந்ததைவிட அதிகம்! காத்துக் கிடந்தவை கூட்டமாகக் கிளம்பினால் அதிகமாகத்தான் இருக்கும். நடத்துனர் இரண்டு விசில் அடித்தார். காணிக்கைப் பெட்டியின் வாய் நிரம்பியது.

வீட்டுக்கு வந்ததும் தட்டுக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அரைக் காதாகக் கேட்டாள்.

"உனக்கு எல்லாமே பொய்தான். நான் கண்ணால பார்த்தேன்டீ."

"நானும்தான் பார்த்தேன். நாளைக்கு இன்னொரு தடவை பார்ப்போம். அவர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அவர் அதுல ஜெயிச்சுட்டா, இனிமே உன்னை ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்பிடவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொன்னபிறகுதான் உறைத்தது. அக்காவின் உயிரை ஒரு தட்டின்மேல் வைத்துவிட்டோமே! மகானிடம் வேறு தந்திரம் இருந்தால்? விளக்கு கைகொடுக்காவிட்டால் மாற்றிவிட இன்னொரு தட்டு அங்கிக்குள் இருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரட்டிப்பு. தட்டுக்காரி அக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்தாள். மகான் மேடையேறியதும் எழுந்து, குரலைக் குழைத்துக் கேட்டாள்.

"மகானே, ஒரு சின்ன சந்தேகம். உங்க ஆணை தூரத்துக்குப் போகுமா?"

"ஏழு கடல் தாண்டும், மகளே."

"சுவர் குறுக்க இருந்தா?"

"சுவர் என்ன, இரும்புக் கதவையும் துளைக்கும்."

"எங்கக்காவுக்குக் கட்டி உள்ளுக்குள்ள இருந்துச்சு. தோல், சதை, எலும்பு எல்லாம் தாண்டிப் போயிடுமா?"

"போகாமல்? நேற்றே போய்விட்டது!" கூட்டம் கைதட்டியது.

"அப்ப, தட்டோட இந்த பிளாஸ்டிக் மூடியைத் தாண்டிடும் இல்ல?"

மகானின் விரல் பாதி உயரத்தில் நின்றது. கூட்டம் சிரித்தது.

"என்னம்மா நீ, இரும்பையே துளைக்குதுங்கறாரு, மூடி ஒரு விஷயமா?" என்றார் நடத்துனர்.

"அதான் அண்ணே. எப்பவும் மூடியைத் திறந்துட்டு ஆணை போடறாரு. இன்னிக்கு ரெண்டு தட்டு வைக்கலாம். சிவப்பு மைக்கோடு போட்டதுக்கு மூடி இருக்கட்டும், மகான் அதுக்கு ஆணை போடட்டும். நீலக்கோடு போட்டது பக்கத்துல சும்மா திறந்து கிடக்கட்டும். அதுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். எது நிக்குதுன்னு பார்ப்போம். மகானோட பெருமை எல்லாருக்கும் தெரியட்டுமே!"

"ஆமா! ஆமா!" என்று மாடி அதிர்ந்தது. தன் பக்தர்களே தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றோரம் நிறுத்தினால் மகான் என்ன செய்வார்? "மூடி போட்டால்... தட்டுக்கு மூச்சு முட்டும்" என்று முனகினார்.

"எங்கக்காவும் மேல ஒண்ணுக்கு ரெண்டா துணி போட்டுத்தானே உட்கார்ந்திருக்கா? அவ செல்லுக்கு மூச்சு முட்டலையா?"

கோடு போட்டது நடத்துனர். எண்ணியதும் அவரே. சிவப்பு பன்னிரண்டு, நீலம் பதினான்கு. இரண்டிலும் நீரை வடித்து, சிவப்பை மூடியோடும் நீலத்தை மூடியில்லாமலும் ஒரே பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சாத்தியதும் இடுக்கில் ஊதா ஒளி தானாகக் கசிந்தது. மகான் சிவப்பைப் பார்த்து "நில்!" என்று மூன்று முறை கத்தினார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. தட்டுகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தது முதல் நடத்துனர் அவற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயணச்சீட்டு எடுக்காதவனைப் பார்க்கிற பார்வை அது.

ஊதா ஒளிக்கு ஒரு பலவீனம். சாதாரண பிளாஸ்டிக் மூடியைத் தாண்டாது. தட்டுக்காரிக்கு அது தெரியும். மகானுக்கும் தெரியும். தெரியாதது கூட்டத்துக்கும் செல்லுக்கும்தான், அதில் செல் பொய் சொல்லாது.

ஒன்பதே முக்கால். "சிவப்பு பன்னெண்டு. நீலம் பத்து."

பத்தரை. "சிவப்பு... பதினொண்ணு. நீலம் நாலு."

தட்டுக்காரி அக்காவின் கையைப் பிடித்தாள்.  

பதினொரு மணி. நடத்துனர் திரையருகே போனார். ஒருமுறை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை எண்ணினார். பக்தி ஒரு பக்கம் இழுத்தது, முப்பது வருஷப் பழக்கம் மறுபக்கம் இழுத்தது. தலை எண்ணிக்கையில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"சிவப்பு பதிமூணு" என்றார் மெதுவாக. "நீலம் சைபர். மகானே, நீங்க சொன்னது நிக்கலை. சொல்லாததுதான் நின்னிருக்கு."

எல்லாத் தலைகளும் மகான் பக்கம் திரும்பின.

"அவநம்பிக்கை அலை! இங்கே யாரோ சந்தேகத்தோடு வந்திருக்கிறார்கள்!" என்றார் மகான்.

"சந்தேகம் சிவப்புக் கோட்டை மட்டும் தேடிப் பிடிச்சுதா?" என்றாள் தட்டுக்காரி.

"நீலத்துக்கு நான் மனதுக்குள் ஆணையிட்டேன்!"

"சரி. அப்ப நீலம் இப்ப உங்க பேச்சைக் கேக்குது, இல்ல? சத்தமா ஒண்ணு சொல்லுங்க. 'எழாதே'ன்னு சொல்லுங்க. சாயங்காலம் எழுந்திருக்கக் கூடாது. நாங்க உட்கார்ந்திருக்கோம்."

சொன்னார். வேறு வழி? "எழாதே" என்று சொல்லிவிட்டு, தியானம் செய்ய வேண்டும் என்று உள்ளறைக்குப் போனார். பின்னாலேயே மைக்காரர் போனார். அவர் பின்னால் காணிக்கைப் பெட்டியும் போனது.

பாதிப் பேர் கலைந்தார்கள். மீதிப் பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மகான் இல்லாத மேடையில், யாரும் எதுவும் சொல்லாத தட்டு ஒன்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நடத்துனர் மௌனப் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். விளக்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டை நிறுத்தத்தின் பெயர் சொல்கிற குரலில் படித்தார். "கிருமிகளைக் கொல்ல மட்டும். கண்ணிலும் தோலிலும் படக் கூடாது." 

அக்கா கேட்டாள். "அப்ப என் உடம்புல வைக்கிற கதிரும் இதே மாதிரிதானா?"

"அது வேற கதிர். ஆனா அதுவும் டி.என்.ஏ.வைத்தான் உடைக்குது. அக்கா, நீ தைக்கும்போது நூல் அறுந்துட்டா என்ன பண்ணுவ?"

"மிதியை விட்டுக் காலை எடுப்பேன். நூலைக் கோத்துட்டுத்தான் மறுபடி மிதிப்பேன்."

"நல்ல செல்லும் அப்படித்தான். நிக்கும், கோத்துக்கும், அப்புறம் கிளம்பும். அதுக்கு நேரம் குடுக்கத்தான் ஒரேயடியா வைக்காம முப்பது நாளாப் பிரிச்சு வைக்கறாங்க. புத்துச் செல்லுல பெரும்பாலும் அந்த பிரேக்தான் கெட்டுப்போயிருக்கும். நூல் அறுந்தும் மிதிச்சுக்கிட்டே போகும், சிக்கிக்கிட்டு சாகும். நடுவுல நீ போகாம இருந்தா அதுக்குக் கொண்டாட்டம்."

 அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு நீலத்தில் எட்டு. ஐந்தரைக்கு இருபத்தொன்று. "எழாதே" என்ற ஆணையைத் துளிக்கூட மதிக்காமல் எழுந்து நின்றன. நடத்துனர் விசிலை வாயில் வைத்தார். அப்போது கீழே வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அங்கியைக் கழற்றிய மகான் முன் சீட்டில், காணிக்கைப் பெட்டி மடியில். இவ்வளவு நேரம் ஏன் போகவில்லை? போக முடியவில்லை. மாடியில் நடந்தது தெரியாத புதிய வரிசை, பிற்பகல் தரிசனத்துக்காக வண்டியைச் சுற்றித் தெருவை அடைத்து நின்றிருந்தது. இப்போதுதான் ஒரு சந்து கிடைத்து வண்டி நகர்ந்தது.

நடத்துனர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, ஒரே ஒரு விசில் அடித்தார்.

சடக்கென்று வண்டி நின்றது. ஸ்டியரிங்கில் இருந்த மைக்காரர் பழைய பேருந்து ஓட்டுநர் அல்லவா? ஒரு விசில் கேட்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். "போடா, போடா!" என்று மகான் கத்தினார். அதற்குள் மாடியிலிருந்து இறங்கியவர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த மாடியில் ஒருவர் சொல்லி உண்மையிலேயே ஒன்று நின்றது அந்த ஒரு தடவைதான்.

பெட்டி போலீசிடம் போனது. மகானும் கூடவே போனார்.

படியிறங்கும்போது அக்கா கேட்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்குடீ?"

"ஒன்பதரைக்கு."

"நீயும் வா. அவங்க 'அடுத்தது'ன்னு கூப்பிட்டா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கன்னு நான் சொல்லணும். பக்கத்துல நீ இருந்தா தைரியமாச் சொல்லுவேன்."

தட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. படி தெரியாமல் தடுமாறினாள். அக்காதான் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். நடத்துனரும் வழியனுப்ப வந்திருந்தார். பேருந்தில் அவர்கள் ஏறியதும், தன் வேலை இல்லை என்பதையும் மறந்து இரண்டு விசில் அடித்தார். பேருந்து கிளம்பியது.

நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை புதிதாக முளைத்திருந்தது. மூச்சை முகர்ந்து பார்த்து ஆயுளைச் சொல்கிற ஒருவர் எதிர் மாடிக்கு வந்திருக்கிறாராம். நேற்று வண்டியைச் சூழ்ந்து நின்றவர்களில் நாலைந்து பேரும் அதில் இருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு செல், தனக்குள் கோளாறு என்று தெரிந்ததும் நிற்கிறது, பழுது பார்க்கிறது, சரியான பிறகுதான் அடுத்த அடி வைக்கிறது. இத்தனைக்கும் அதற்கு மூளை கிடையாது. மூளை இருக்கிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.